சிவப்பு தபால் பெட்டியை மறைச்சாதான் நியூயார்க் வரும்

கேள்வி இதுதான்: "ஹாலிவுட் படத்துலயும் சீரியல்லயும் நியூயார்க், சிகாகோ, பாஸ்டன்னு காட்டுறது பாதிக்கு மேல கனடால டொரண்டோவுல எடுக்கறதுன்னு சொல்றாங்களே, நிஜ ஊர் அங்கேயே இருக்கறப்போ ஏன் இப்படி சுத்தி வரணும்? பாக்கறவங்க கண்டுபிடிக்க மாட்டாங்களா? ஒரு ஊரை இன்னொரு ஊரா எப்படித்தான் மாத்துறாங்க?"

பாதிக்கு மேலன்னு எல்லாம் சொல்ல முடியாது, ஆனா நிறைய எடுக்கறாங்க, அது உண்மை. நான் 2009ல திருச்சியில இருந்து டொரண்டோ வந்தேன், அப்புறம் ஒரு ரெண்டு மூணு வருஷத்துல செட் டிரெஸ்ஸிங் வேலைக்குள்ள போயிட்டேன், இன்னி வரைக்கும் அதுதான் சோறு போடுது. செட் டிரெஸ்ஸிங்னா கேமரா வர்றதுக்கு முன்னாடி தெருவையோ ரூமையோ கதைக்கு ஏத்த மாதிரி தயார் பண்ற கூட்டம். அதனால எனக்கு தெரிஞ்சதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், நேரம் இருந்தா படிங்க.

முதல்ல ஏன்னு சொல்லிடறேன், அது சீக்கிரம் முடிஞ்சிடும். காசுதான். டொரண்டோ இருக்கற ஒண்டாரியோ மாகாண அரசு வெளிநாட்டு தயாரிப்புகளுக்கு இங்க செலவு பண்ற தகுதியுள்ள தொகையில 21.5 சதவீதம் திருப்பி குடுக்குது, அதுக்கு மேல கனடா மத்திய அரசு இங்க இருக்கற ஆளுங்களுக்கு குடுக்கற சம்பளத்துல 16 சதவீதம் குடுக்குது. ஒரு கணக்கு போட்டு பாருங்க, என்னை மாதிரி ஒருத்தனுக்கு 100 டாலர் சம்பளம் குடுத்தா மாகாணம் 21.50 திருப்பிடும், மீதி 78.50க்கு மத்திய அரசு 16 சதவீதம்னா ஒரு 12.50, ஆக மொத்தம் 34 டாலர் திரும்ப கைக்கு வருது. இதுல முக்கியமான விஷயம், இது கட்டவேண்டிய வரியில கழிக்கறது மட்டும் கிடையாது, வரியே கட்டவேண்டி வராட்டியும் காசா வந்துரும். இதுக்கு மேல டாலர் வித்தியாசம் வேற. இப்ப கொஞ்ச வருஷமா ஒரு அமெரிக்க டாலர் குடுத்தா 1.30, 1.40 கனடா டாலர் போல கிடைக்குது. 2002 ஆரம்பத்துல கனடா டாலர் 62 சென்ட் வரைக்கும் விழுந்துச்சு, அந்த நேரத்துலதான் சிகாகோன்னு பேரு வச்ச படத்தையே டொரண்டோவுல எடுத்தாங்க, அது சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்குச்சு. பேரே ஊர் பேரு, அந்த ஊரே டொரண்டோ.

சரி, வெறும் காசுன்னா மலிவான ஊர் உலகத்துல எத்தனையோ இருக்கே, ஏன் இங்க? நியூயார்க்குல இருந்து விமானத்துல ஒன்றரை மணி நேரம், ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம், பேச்சும் ஏறக்குறைய ஒண்ணு, ஊர் ஆளுங்களுக்குள்ளயும் பல வருஷமா இந்த தொழில் தெரிஞ்ச பெரிய கூட்டம் இருக்கு, லைட் போடறவங்கள்ல இருந்து தச்சர் வரைக்கும் இங்கேயே யூனியன்ல கிடைப்பாங்க. வான்கூவர் இதே மாதிரி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு பக்கம், ஏறக்குறைய அதே நேரம், அதனால அங்க ஒரு தனி உலகம் நடக்குது. எக்ஸ் ஃபைல்ஸ் சீரியல் 1993ல இருந்து 1998 வரைக்கும் முதல் அஞ்சு சீசன் வான்கூவர்லதான் எடுத்தாங்க, கதைப்படி வாரத்துக்கு ஒரு அமெரிக்க ஊரு, எல்லாம் அதே ஈரமான காடும் அதே மழையும்தான்.

அப்புறம் கட்டடம். டொரண்டோவுக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. நியூயார்க்குல சீக்ரம் பில்டிங்னு ஒரு கருத்த வெண்கல நிற கண்ணாடி கோபுரம், 1958ல முடிஞ்சது, அதை வடிவமைச்ச மீஸ் வான் டெர் ரோவேதான் டொரண்டோவுல டொமினியன் சென்டரோட கருப்பு கோபுரங்களையும் வடிவமைச்சார், முதல் கோபுரம் 1967. அப்ப ஒரே கை போட்ட கோடு ரெண்டு ஊருலயும் இருக்கு. கேமராவை கீழ இருந்து மேல தூக்கி வச்சு அந்த கருத்த சுவரை மட்டும் காட்டுனா எந்த ஊருன்னு கட்டடமே சொல்லாது. சூட்ஸ் சீரியல் நிறைய பேரு பாத்திருப்பீங்க, அந்த வக்கீல் ஆபீஸ் இருக்கற, நியூயார்க்கோட மையப் பகுதியான மன்ஹாட்டன் கட்டடம் நம்ம பே அடிலெய்ட் சென்டர், முதல் எபிசோட் மட்டும் நியூயார்க்குல எடுத்துட்டு மீதியெல்லாம் இங்கதான். பழைய காலம் வேணும்னா டிஸ்டிலரி டிஸ்ட்ரிக்ட், 1832ல ஆரம்பிச்ச சாராய கம்பெனியோட செங்கல் கட்டடங்கள், 1990ல காய்ச்சறத நிறுத்துனதுக்கு அப்புறம் காலியா கிடந்துச்சு, 2003ல கடை, ஹோட்டல்னு மாறுற வரைக்கும் அதுல குடியிருந்ததே படப்பிடிப்பு யூனிட்டுங்கதான்னு சொல்லலாம். காலேஜ் வேணும்னா டொரண்டோ யூனிவர்சிட்டி, குட் வில் ஹன்டிங் படத்துல பாஸ்டன் பக்கத்து காலேஜ்னு வர்ற உள்பக்க காட்சிகள் பல இங்க எடுத்தது. ஷேப் ஆஃப் வாட்டர்ல கதாநாயகி மாடியில குடியிருக்கற தியேட்டர் வெளிப்பக்கம் மாஸி ஹால், உள்பக்கம் எல்ஜின் தியேட்டர், கதைப்படி அது பால்டிமோர். பாய்ஸ் சீரியல்ல வர்ற அந்த பெரிய கம்பெனி கோபுரத்தோட அடிப்பகுதி ராய் தாம்சன் ஹால்னு ஒரு கச்சேரி மண்டபம், அதுக்கு மேல கோபுரத்தை கம்ப்யூட்டர்ல வளர்த்துட்டாங்க.

இப்ப எப்படிங்கற விஷயத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இது. நிறைய பேரு நினைக்கறது, நியூயார்க் ஆக்கணும்னா பெரிசா ஏதாவது கொண்டு வந்து வைக்கணும்னு. எங்க வேலையில முக்கால்வாசி, இருக்கறத மறைக்கறதுதான். ஊரைக் காட்டிக் குடுக்கறது கோபுரம் கிடையாது, கோபுரத்தை ஃப்ரேமுக்கு வெளிய விட்டுடலாம், 553 மீட்டர் உயர சிஎன் டவரையே பின்னாடி கம்ப்யூட்டர்ல அழிச்சுடறாங்க. இடுப்பு உயரத்துக்கு கீழ இருக்கற சின்ன சின்ன சாமான்தான் மாட்டிவிடும்.

முதல் எதிரி தபால் பெட்டி. கனடா தபால் பெட்டி சிவப்பு, அமெரிக்காவோடது கருநீலம். சிவப்பு பெட்டியை பேத்து எடுக்க முடியாது, அதனால அதுக்கு முன்னாடி ஒரு வேனை நிறுத்துவோம், இல்லாட்டி பேப்பர் கடை மாதிரி ஒண்ணு எழுப்புவோம், பத்தடி தள்ளி எங்க நீல பெட்டியை வைப்போம். அது உள்ள வெறும் கூடு, ரெண்டு பேரு அசால்ட்டா தூக்கலாம். ஒரு தடவை ஒரு பாட்டி அதுல நிஜமான கடுதாசியை போட்டுட்டாங்க, அன்னிக்கு ராத்திரி பெட்டியை லாரியில ஏத்துறப்போ உள்ள சரசரன்னு சத்தம் கேட்டு திறந்து பாத்து, நானே போய் அடுத்த தெரு சிவப்பு பெட்டியில போட்டுட்டு வந்தேன்.

அப்புறம் சைக்கிள் கட்டற கம்பம். டொரண்டோ ப்ளாட்ஃபார்ம்ல ஒரு கம்பமும் அதோட நடுவுல ஒரு வட்டமுமா நிக்கும், 1984ல இருந்து ஊர் முழுக்க நட்டு வச்சிருக்காங்க, இந்த ஊர்க்காரன் எவனும் ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவான். இதை மறைக்க எங்ககிட்ட இருக்கற பெரிய ஆயுதம் குப்பை. மன்ஹாட்டன்ல வீட்டுக்கு பின்னாடி சந்து அனேகமா கிடையாது, அதனால ராத்திரி ஆனா கருப்பு குப்பை பைகளை ப்ளாட்ஃபார்ம் ஓரத்துல குவிச்சு வைக்கறது காலங்காலமா வழக்கம். டொரண்டோவுல அப்படி இல்ல, சந்து இருக்கு, நீல தொட்டி பச்சை தொட்டின்னு இருக்கு. அதனால நாங்க பேப்பர் சுருளும் ஃபோமும் அடைச்ச கருப்பு பை நூத்துக்கணக்குல வச்சிருப்போம், கம்பத்தை சுத்தி குவிச்சா கம்பமும் போச்சு நியூயார்க்கும் வந்துச்சு. இந்த தொழில்ல எல்லாரும் சொல்ற ஒரு பழைய கதை இருக்கு, ஒரு யூனிட் காலையில இருந்து உக்காந்து தெருவை குப்பையாக்கிட்டு சாப்பிட போச்சாம், திரும்பி வந்து பாத்தா மாநகராட்சி ஆளுங்க சுத்தமா அள்ளிட்டு போயிருந்தாங்களாம். நடந்துச்சோ இல்லையோ, நான் சேந்த முதல் வாரமே எனக்கு இதை சொல்லித்தான் "பையை விட்டுட்டு நகராத"ன்னாங்க.

போர்டுகள் தனி வேலை. இங்க வேக போர்டுல "மேக்ஸிமம் 50"ன்னு இருக்கும், அங்க "ஸ்பீட் லிமிட் 25"ன்னு இருக்கணும். பெட்ரோல் பங்க்ல இங்க லிட்டர் விலை, அங்க காலன் விலை, அதுவும் கடைசியில பத்துல ஒம்போது சென்ட்டுன்னு குட்டியா ஒரு பின்னம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை விட்டா அமெரிக்காக்காரன் பிடிச்சுருவான். கடை போர்டுல போன் நம்பர் 416ன்னு ஆரம்பிச்சா டொரண்டோ, மன்ஹாட்டன்னா 212, நியூயார்க்கோட இன்னொரு பகுதியான குயின்ஸ்னா 718, அதனால நம்பர் மேல மட்டும் வினைல் வெட்டி ஒட்டுவோம். தீயணைக்கிற குழாய் இங்க மஞ்சள், அங்க கருப்பு உடம்பும் வெள்ளி தலையும். பார்க்கிங் இடத்துல பச்சை வட்டத்துல "பி"ன்னு எழுதுன மாநகராட்சி போர்டு இருந்தா அதுக்கு மேல ஒரு துணி பேனர். காருக்கெல்லாம் நம்பர் பிளேட் மாத்தணும், மஞ்சள் டாக்ஸி வாடகைக்கு வரும், கூரையில நம்பரோட.

நியூயார்க்குல தெரு நடுவுல ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை போட்ட குழாய்ல இருந்து ஆவி வருமே, பாத்திருப்பீங்க. 1882ல இருந்தே மன்ஹாட்டன் தெருவுக்கு அடியில நீராவி குழாய் ஓடுது, கட்டடங்களை சூடாக்க, அதுல எங்கயாவது கசிஞ்சா ஆவி வண்டிக்காரன் கண்ணை மறைக்காம மேல போகட்டும்னு அந்த குழாயை நிறுத்துவாங்க. இங்க அந்த குழாயை ப்ளாஸ்டிக்ல செஞ்சு வச்சிருக்கோம், அடியில புகை மெஷின். ராத்திரி காட்சியில தெருவை தண்ணி ஊத்தி நனைச்சுட்டு, பின்னாடி லைட்டை வச்சு, இந்த புகையை விட்டா, உண்மையா சொல்றேன், நானே பத்து வருஷத்துக்கு மேல இதை பண்றவன், எனக்கே ஒரு நிமிஷம் டொரண்டோ மறந்துரும்.

உள்ளரங்கம்னா இன்னும் நுணுக்கம். கனடாவுல சாமான் டப்பாவுல இங்கிலீஷும் பிரெஞ்சும் ரெண்டும் இருக்கணும்னு சட்டம். அதனால சமையல்கட்டு காட்சின்னா அலமாரியில இருக்கற ஒவ்வொரு டப்பாவும் எல்லை தாண்டி வாங்கிட்டு வந்ததா இருக்கணும், இல்லாட்டி பிரெஞ்சு பக்கத்தை சுவரு பாக்க திருப்பி வைக்கணும், அதையும் மீறி தெரிஞ்சா புது லேபிள் அச்சடிச்சு ஒட்டணும். ஒண்டாரியோவுல பால் பாலித்தீன் பையில வரும், நம்ம ஊர் ஆவின் பாக்கெட் மாதிரி, மூணு பை சேந்தா நாலு லிட்டர். நான் வந்த புதுசுல அதை பாத்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. ஆனா ஃப்ரிட்ஜை திறக்கற காட்சியில அந்த பை தெரிஞ்சா அந்த வீடு அமெரிக்கா இல்லன்னு ஆயிடும், அதனால பிளாஸ்டிக் குடுவை பால்தான் வைக்கணும். ஜன்னலுக்கு வெளிய தெரியற ஊருக்கு, மன்ஹாட்டன் படத்தை பெரிய துணியில அச்சடிச்சு பின்னாடி இருந்து லைட் போட்டு தொங்கவிடுவாங்க, ட்ரான்ஸ்லைட்னு பேரு, பகல் ராத்திரி ரெண்டும் ஒரே துணியில லைட்டை மாத்தி எடுத்துரலாம். இப்ப அதுக்கு பதிலா பெரிய எல்இடி சுவரும் வந்துருச்சு. கடைசியா ஒரு சின்ன யூனிட் நிஜ நியூயார்க்குக்கே போய் ஒண்ணு ரெண்டு நாள்ல பாலம், டாக்ஸி வரிசை, மேல இருந்து ஊர்னு எடுத்துட்டு வந்துரும். அந்த நாலு நொடி நிஜ ஊரை முதல்ல காட்டிட்டா, அடுத்து வர்ற நாற்பது நிமிஷம் டொரண்டோவை பாக்கறவங்க மனசு தானாவே நியூயார்க்குன்னு எடுத்துக்குது.

சப்வே, அதான் சுரங்க ரயில், அதை பத்தி சொல்லாம விட்டா தப்பு. டொரண்டோவுல பே ஸ்டேஷனுக்கு அடியில இன்னொரு ஸ்டேஷன் இருக்கு, லோயர் பேன்னு சொல்வோம். 1966 பிப்ரவரியில திறந்து அதே வருஷம் செப்டம்பர்ல மூடிட்டாங்க, ரெண்டு லைனையும் கலந்து ஓட்டிப் பாத்தாங்க, ஒரு இடத்துல தாமதமானா ஊரே தாமதமாச்சு, அதனால விட்டுட்டாங்க. ஆனா தண்டவாளம் இன்னும் இருக்கு, மின்சாரம் இருக்கு, ரயிலை உள்ள கொண்டு வந்து நிறுத்தலாம், மேல மக்கள் போய்க்கிட்டே இருக்கறப்போ கீழ நாங்க பாட்டுக்கு வேலை பாக்கலாம். நியூயார்க் சப்வேயை வாடகைக்கு எடுக்கற சிரமத்தை நினைச்சா இது வரம். நான் முதல் தடவை இறங்குனப்போ ராத்திரி பதினொண்ணு இருக்கும், சுவர்ல பளிங்கு மாதிரி சின்ன சின்ன ஓடு அச்சடிச்ச பலகைகளை வரிசையா மாட்டுனோம், ஓரத்துல அழுக்கு ஒழுகுன மாதிரி பெயிண்டர் ஒருத்தரு டீத்தண்ணி கலர்ல கோடு இழுத்துக்கிட்டே வந்தாரு, ரயில் பக்கவாட்டுல லைன் எழுத்தோட வட்ட ஸ்டிக்கர். டொரண்டோ சுரங்கம் சுத்தமா இருக்கும், நியூயார்க் சுரங்கம் நூறு வருஷ அழுக்கோட இருக்கும், அந்த அழுக்கை கையால வரையறதுக்கே ஆறு மணி நேரம் ஆச்சு. விடிஞ்சதும் அத்தனையும் கழுவி துடைச்சு குடுத்துட்டு வரணும். டோர்ஸ் ஓபன்னு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய கட்டடங்களை மக்களுக்கு திறந்து விடுவாங்க, சில வருஷம் இந்த ஸ்டேஷனையும் திறந்திருக்காங்க, வாய்ப்பு கிடைச்சா போய் பாருங்க.

எங்களால ஒண்ணும் பண்ண முடியாத விஷயம் ஸ்ட்ரீட்கார். தெரு நடுவுல தண்டவாளம், தலைக்கு மேல சிலந்தி வலை மாதிரி ஒயரு. நியூயார்க்குல டிராம் ஓடி ரொம்ப காலம் ஆச்சு. அதனால க்வீன் தெருவு, கிங் தெருவு மாதிரி அழகான பழைய தெருவை விட்டுட்டு பக்கத்து சந்துக்கு போக வேண்டி வரும், இல்லாட்டி ஒயர் ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர்ல அழிக்கணும். டொரண்டோவை கண்டுபிடிக்கணும்னா நீங்க முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான், தார் ரோட்டுல ரெண்டு இரும்புக் கோடு பளபளக்குதான்னு. வான்கூவர்னா மலை. ஜாக்கி சான் நடிச்ச ரம்பிள் இன் தி ப்ராங்ஸ் 1995ல வந்துச்சு, ப்ராங்ஸ் நியூயார்க்கோட ஒரு பகுதி, அங்க பனி மலையே கிடையாது, ஆனா படத்துல கட்டடத்துக்கு பின்னாடி பனி மலை நிக்கும்.

பாக்கறவங்க கண்டுபிடிக்க மாட்டாங்களான்னு கேட்டீங்கல்ல. அந்தந்த ஊர்க்காரங்க கண்டுபிடிப்பாங்க, மத்தவங்களுக்கு தெரியாது, தெரிஞ்சாலும் கதை நல்லா இருந்தா மன்னிச்சுருவாங்க. நமக்கு இது புதுசும் இல்ல. நாயகன்ல வர்ற தாராவி பெரும்பாலும் மெட்ராஸ்ல வீனஸ் ஸ்டூடியோவுல தோட்டா தரணி போட்ட செட்டு, அதுக்கு அவருக்கு தேசிய விருதும் கிடைச்சுது. சுப்ரமணியபுரம் 1980 மதுரை, ஆனா மதுரை அதுக்குள்ள ரொம்ப மாறிட்டதால நிறைய இடம் திண்டுக்கல்ல எடுத்தாங்க. இந்த ரெண்டாவது உதாரணத்தை கவனிங்க, அங்க காரணம் சலுகை கிடையாது, ஊரே தன்னோட பழைய முகத்தை இழந்துட்டா அதோட முகத்தை வேற ஊருலதான் தேடணும். இன்னும் ஒரு காரணம் அனுமதி. இண்டியானா ஜோன்ஸ் ரெண்டாவது படத்துக்கு இந்தியாவுல அனுமதி சிக்கலாகி, கண்டி பக்கம் போய் இந்திய கிராமத்தை எடுத்தாங்க. டைரக்டர் தீபா மேத்தா, அவங்க இந்த டொரண்டோக்காரங்கதான், வாட்டர் படத்தை 2000ல காசியில ஆரம்பிச்சப்போ கூட்டம் வந்து செட்டை உடைச்சு ஆத்துல போட்டுச்சு, கடைசியில சில வருஷம் கழிச்சு இலங்கையில வேற பேரு சொல்லி படித்துறையெல்லாம் கட்டி எடுத்து முடிச்சாங்க. அந்த மாதிரி சமயத்துல ஒரு ஊரு இன்னொரு ஊருக்காக நிக்கறது உதவி, அடைக்கலம்னே சொல்லுவேன்.

நியூயார்க்கும் சும்மா இருக்கல. வேலை எல்லாம் வடக்க போகுதேன்னு 2004ல அந்த மாநிலமும் 10 சதவீத சலுகை ஆரம்பிச்சு 2008ல அதை 30 ஆக்குச்சு. அதனால இப்ப நியூயார்க் கதை நியூயார்க்குலயே நிறைய எடுக்கறாங்க. இது ஏலம் மாதிரி, எந்த ஊரு அதிகம் குடுக்குதோ அங்க போகும். 2023ல அமெரிக்காவுல எழுத்தாளருங்க மே மாசத்துல இருந்தும் நடிகருங்க ஜூலையில இருந்தும் ஸ்ட்ரைக் பண்ணாங்க, நவம்பர் வரைக்கும் இழுத்துச்சு, இங்க எங்களுக்கும் வேலை இல்ல. ஸ்ட்ரைக் பண்ணது அவங்க உரிமை, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, ஆனா வேற ஊருக்கு முகமா இருக்கறதையே பொழப்பா வச்சிருந்தா அந்த ஊருல தும்முனா இங்க ஜலதோஷம் பிடிக்கும்னு அந்த ஆறு மாசத்துல வீட்டு வாடகை கட்டறப்போ புரிஞ்சுது.

இன்னொண்ணு சொல்லணும், இந்த பதிலை எழுதவே அதுதான் காரணம்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஊருக்கு கிழக்குப் பக்கம் ஒரு பழைய கடைத்தெருவை குயின்ஸா மாத்துற வேலை. என்ன தயாரிப்புன்னு சொல்ல வேண்டாம். வரிசையில ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவோட பலசரக்கு கடை, மேல கையால எழுதுன தமிழ் போர்டு, மஞ்சள் பின்னணியில சிவப்பு எழுத்து. அதை மூடிட்டு அதுக்கு மேல வேற பேரு ஒட்டணும்னு பிளான். பணம் பேசி கையெழுத்தெல்லாம் முன்னாடியே வாங்கியாச்சு, ஆனா போர்டுல ஏணியை சாத்துனதும் அவரு வெளிய வந்துட்டாரு. லொக்கேஷன் ஆளுங்க என்னை கூப்பிட்டு "நீ தமிழ்தானே, பேசு"ன்னாங்க.

"தம்பி, உந்தப் போர்டை ஏன் மூடுறியள்?"

"கதை நியூயார்க்குல நடக்குதுங்க ஐயா, அதனாலதான். ரெண்டு நாள்ல எடுத்துருவோம்."

"நியூயோர்க்கில தமிழ்க் கடை ஒண்டும் இல்லையோ? என்ர தங்கச்சியின்ர மகள் குயின்ஸில தான் இருக்கிறா, பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட. ஒருக்காப் போய்ப் பாருங்கோ, அங்க என்ன எழுத்தில போர்டு இருக்குதெண்டு."

எனக்கு பதில் வரல, ஏன்னா அவரு சொன்னது சரி. குயின்ஸ்ல ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் 1977ல கும்பாபிஷேகம் ஆனது, அதோட கேன்டீன் தோசைக்கு ஊர் முழுக்க இருந்து வருவாங்க. அந்த போர்டை அப்படியே விட்டிருந்தா அது நிஜ குயின்ஸுக்கு இன்னும் பக்கத்துல போயிருக்கும். போய் எங்க டிபார்ட்மெண்ட் தலைவர்கிட்ட சொன்னேன். அவங்க கெட்டவங்க இல்ல, நின்னு கேட்டாங்க, கேட்டுட்டு சொன்னது, "பாக்கறவங்களுக்கு இது என்ன எழுத்துன்னு குழப்பம் வரும், நியூயார்க்குன்னு தோணாது." அப்பதான் எனக்கு உறைச்சுது, நாங்க டொரண்டோவை நியூயார்க்கா மாத்தல. நியூயார்க்கை பத்தி எங்கயோ ஒருத்தரு மனசுல இருக்கற படமா ரெண்டு ஊரையும் சேத்து மாத்திட்டு இருக்கோம். மஞ்சள் டாக்ஸி, குப்பை, ஆவி, இரும்பு ஏணி. அதுல தமிழ் எழுத்துக்கு இடம் இல்ல, நிஜ ஊருல அது இருந்தாலும்.

போர்டை மூடினோம். ஐயா கடை வாசல்ல ஸ்டூல் போட்டு ரெண்டு நாளும் உக்காந்து பாத்தாரு, எங்க ஆளுங்களுக்கு டீ கூட குடுத்தாரு. மூணாவது நாள் வினைலை உரிச்சப்போ அதோட "ள"வுல பாதியும் "ர"வோட காலும் பெயிண்டோட வந்துருச்சு. குளிர்ல பசை இறுகி போயிருந்துச்சு, சூடு காட்டி மெதுவா எடுத்திருக்கணும், அவசரத்துல விட்டுட்டாங்க. தயாரிப்பு தரப்புல உடனே புது போர்டு, ப்ரிண்ட் பண்ணி, லைட்டெல்லாம் வச்சு தரோம்னாங்க. அவரு வேண்டாம்னுட்டாரு. எழுதுன ஆளு இன்னும் இருக்காரு, அவரு கையாலயே அந்த ரெண்டு எழுத்தையும் திரும்ப எழுதணும், அதுக்கு என்ன கூலியோ அதை குடுத்தா போதும்னாரு. அப்படியே நடந்துச்சு. நான் இப்பவும் அங்க மளிகை வாங்க போறப்போ நிமிந்து பாப்பேன், அந்த ரெண்டு எழுத்தும் மத்ததை விட கொஞ்சம் அடர்த்தியான சிவப்பு.

இந்த வேலை தப்புன்னு நான் சொல்ல வரல. இது கைத்தொழில், இதுல உழைக்கறவங்க ஒவ்வொருத்தரும் கலைஞர், அந்த டீத்தண்ணி கோடு இழுத்த பெயிண்டரை நினைச்சா எனக்கு இன்னிக்கும் மரியாதைதான் வரும். ஆனா இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கற ஊரு, உலகம் முழுக்க ஒவ்வொரு வாரமும் திரையில வருது, அதோட பேரு மட்டும் வர்றதில்ல. என் பொண்ணு இங்க பிறந்தவ, அவ போற லைப்ரரி ஒரு சீரியல்ல சிகாகோ கோர்ட்டா வந்துச்சு, "அப்பா, இது நம்மளோடது, ஏன் வேற பேரு சொல்றாங்க"ன்னு கேட்டா, அஞ்சு வயசு அப்ப.

தன் பேருலயே வந்த படமும் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். 2010ல ஸ்காட் பில்க்ரிம் முழுக்க டொரண்டோ கதை, டொரண்டோவுலயே எடுத்தது. அதுல காஸா லோமா கோட்டையில ஒரு ஷூட்டிங் நடக்கற மாதிரி சீன் வரும், சண்டையில கதாநாயகனை தூக்கி வீசுனதும் பின்னாடி இருக்கற பெரிய நகரத்து ஓவியம் கிழியும், அந்த ஓட்டைக்கு பின்னாடி நிஜ டொரண்டோ நிக்கும். தியேட்டர்ல எங்க யூனிட் ஆளுங்க எல்லாம் எழுந்து கத்தினதா ஒரு சீனியர் சொல்லுவாரு. 2021ல டொரண்டோவோட கிழக்குப் பகுதியான ஸ்காபரோன்னே பேரு வச்சு ஒரு படம் வந்துச்சு, ஸ்காபரோவுலயே எடுத்தது, அதை கட்டாயம் பாருங்க.

அப்புறம் 2022ல பிக்ஸாரோட டர்னிங் ரெட். 2002 டொரண்டோவுல நடக்கற கதை, அதுல ப்ரியாங்கற பொண்ணுக்கு குரல் குடுத்தது பக்கத்து ஊரான மிஸிஸாகா தமிழ்ப் பொண்ணு மைத்ரேயி ராமகிருஷ்ணன். கலிஃபோர்னியாவுல உக்காந்து வரைஞ்ச படம், இங்க தெருவுல எதையும் மூடவோ மறைக்கவோ தேவையே இல்ல. நாங்க வீட்டுல பாத்தோம். ஆரம்பத்துலயே பழைய மாடல் சிவப்பு ஸ்ட்ரீட்கார் வருது, 2019 கடைசியில நிறுத்துனாங்களே அதே வண்டி, நான் வந்த புதுசுல கைல லன்ச் டப்பாவோட நின்னுக்கிட்டே போவேன், அது. என் பொண்ணு சோஃபாவை விட்டு இறங்கி டிவிக்கு பக்கத்துல போய் நின்னா. "நிறுத்துங்கப்பா, எந்த ரூட்டுன்னு பாக்கணும்"னா. நிறுத்தினேன்.